பெர்லினில் கேட்கும் கூலிச் சீட்டு

ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் 'ஃப்ரூட் லாஜிஸ்டிகா' என்ற பழம், காய்கறிக் கண்காட்சி 3 நாள் நடக்கிறது. அங்கே கிலோ கணக்கில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. 90 நாடுகளுக்குக் குறையாமல் வந்து கடை விரிக்க, பெரிய அங்காடிகளின் கொள்முதல்காரர்கள் சரக்கு பேசி முடிக்கிறார்கள். மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான 'அபேடா' நம் நாட்டு ஏற்றுமதியாளர்களையும் அங்கே அழைத்துப் போகிறது.

அரங்கில் நிற்பது யார் என்பது இருக்கட்டும். கம்பம், சின்னமனூர் பக்கம் தார் வெட்டிச் சுமப்பவர்களும், தொட்டித் தண்ணீரில் சீப்பு கழுவி அட்டைப்பெட்டியில் அடுக்கும் பெண்களும் யார் என்று நமக்குத் தெரியும். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நம் கையில் இருந்த சாகுபடிப் பரப்போ 9 சதவீதம்கூட இல்லை. தோப்பு இல்லாதவன் தோப்புக்காரனாகக் கண்காட்சிக்குப் போவது எப்படி?

ஆனால், அந்தக் கண்காட்சியில் நமக்கு வேண்டிய சேதி ஒன்று உண்டு. ஐரோப்பிய அங்காடிகள் பழத்தின் நிறத்தையும் மருந்து எச்சத்தையும் மட்டும் பார்ப்பதில்லை. 'குளோபல் கேப்' சான்று கேட்கின்றன. தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் கழிப்பறையும் கை கழுவ இடமும் இருந்தால்தான் அந்தச் சான்று. அதோடு 'கிராஸ்ப்' என்றொரு தணிக்கையையும் பல அங்காடிகள் கேட்கின்றன. வேலை ஒப்பந்தம் உண்டா, கூலிச் சீட்டு தருகிறார்களா, வேலை நேரம் பதிவாகிறதா, தொழிலாளர் சார்பில் பேச ஆள் உண்டா, புகார் சொன்னால் கேட்க வழி உண்டா என்று அதில் பார்ப்பார்கள்.

நம் ஊர்த் தோட்டத்தில் கூலிச் சீட்டு கேட்டால் சிரிப்பார்கள். புகார் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. இங்கிருந்து வளைகுடாவுக்குப் போகும் வாழைக்கு இந்தக் கேள்விகள் பெரும்பாலும் வருவதில்லை என்பதும் உண்மை. தணிக்கை நாளில் மட்டும் பூட்டுத் திறக்கும் கழிப்பறைகளும் இருக்கலாம். என்றாலும், முதலாளி கையெழுத்திட்டுக் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த பெண்ணிடம் பேசும் தொனி வேறாகத்தான் இருக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினால், அம்மாவுக்குச் செய்த பெரிய உதவி அது.

இன்னொரு வாசலும் உண்டு. மத்திய அரசு 2016இல் தொடங்கிய தேசிய எஸ்.சி., எஸ்.டி. மையத்தைத் தேசிய சிறுதொழில் கழகம் நடத்துகிறது. வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக விமானக் கட்டணம், அரங்க வாடகை போன்றவற்றுக்கு அதில் உதவித் திட்டம் இருக்கிறது. தொழிலில் 51 சதவீதமாவது நம் பங்கு இருக்க வேண்டும். 'உத்யம்' பதிவும் வேண்டும். தோப்பு இல்லை என்றாலும் நாலு பேர் சேர்ந்து பழம் பொதியும் கூடம் ஒன்றைக் குறுந்தொழிலாகத் தொடங்கலாம். பினாமியாகப் பெயரை மட்டும் கேட்டு வருவார்கள், அவர்களிடம் எச்சரிக்கை! பதிவுக்குக் கட்டணம் கிடையாது. விவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.