பொன்னின் தரம் அறிவோம்

நகைக்கடன் பிரிவில் எமக்குச் சங்கடம் தரும் நேரங்கள் சில உண்டு. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக ஓர் அம்மையார் ஐந்து சவரன் சங்கிலியைக் கொண்டுவந்தார். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, அது 18 காரட் என்றார். கடையில் அதனை 22 காரட் என்று கூறி விற்றிருந்தனர். அவர் எதிர்பார்த்த தொகையை எம்மால் வழங்க இயலவில்லை.

எடை குறையாதபோது மதிப்பு ஏன் குறைந்தது? விடை தங்கத்தின் இயல்பிலேயே அடங்கியுள்ளது.

அணு எண் 79 உடைய தனிமம் தங்கம். காற்றும் நீரும் அதனைத் துருப்பிடிக்கச் செய்வதில்லை. நைட்ரிக் அமிலம் தனித்து அதனைக் கரைப்பதில்லை. மின்சாரத்தை நன்கு கடத்துவதாலும் துருவேறாததாலும் கைபேசியின் இணைப்பு முனைகளில் மெல்லிய பொன்பூச்சு இடப்படுகிறது. ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தகடாக அடித்து விரிக்கலாம். இந்த மென்மையே நகைக்குக் குறையாகிறது. தூய தங்கம் எளிதில் வளையும், தேயும். ஆகவே செம்பும் வெள்ளியும் கலந்து உறுதியாக்குகின்றனர்.

24 காரட் என்பது தூய தங்கம். 22 காரட்டில் 91.6 விழுக்காடும், 18 காரட்டில் 75 விழுக்காடும் தங்கம் உண்டு. ஐந்து சவரன், அதாவது 40 கிராம் நகையில், முன்னதில் ஏறத்தாழ 36.6 கிராம் தங்கம் இருக்கும். பின்னதில் 30 கிராம் மட்டுமே. அந்த அம்மையார் இழந்தது ஆறரை கிராமுக்கும் மேல். வாங்கிய ரசீது கைவசம் இல்லாததால் கடைக்காரரிடம் முறையிடவும் அவருக்கு வழியில்லை.

இத்தகைய இழப்பைத் தவிர்ப்பது எளிது. நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, தூய்மை எண், ஆறு எழுத்தெண்கள் கொண்ட தனிக் குறியீடு ஆகிய மூன்றும் உள்ளனவா என்று நோக்குக. ஹால்மார்க் நகைகளை 2023 ஏப்ரல் 1 முதல் இக்குறியீட்டுடனேயே விற்க வேண்டும். அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் குறியீட்டை உள்ளிட்டு அதன் உண்மையை அறியலாம். பழைய நகைகளை அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரப்படுத்துக.

நகையில் பதித்த கல்லின் எடைக்குக் கடன் கிடையாது என்பதையும் நினைவிற்கொள்க. அவசரத் தேவையின்போது அறிந்து வருந்துவதினும், வாங்கும் நாளிலேயே தரம் அறிந்து வாங்குவது நலம்.