பண்டிகைப் பரிசும் பாங்கி வட்டியும்

தீபாவளி சமீபிக்கும்போதெல்லாம் நம் நகரங்களின் கடைவீதிகளில் ஒரு புதிய வழக்கம் ஓங்கி வருவதைக் காண்கிறோம். தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு மோதிரம், பெண்ணுக்குப் பட்டுப்புடவை, மைத்துனனுக்குக் கைப்பேசி முதலியவற்றைக் கையிருப்புப் பணமின்றி, கிரெடிட் கார்டைக் கொண்டே பலர் வாங்குகின்றனர். உற்றாருக்குப் பரிசளிப்பதை நாம் குறைகூற வரவில்லை. கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்குக் கார்டினால் வட்டி நஷ்டமும் இல்லை. அவ்வாறு கட்ட இயலாதவர் அப்பரிசுகளுக்குக் கொடுக்கும் மெய்யான விலை யாது என்பதே நமது கேள்வி.

ஒருவர் 20,000 ரூபாய்க்குப் பரிசுகள் வாங்கியதாகக் கொள்வோம். பாங்கி அனுப்பும் பில்லில் முழுத் தொகையுடன், 'குறைந்தபட்சம் செலுத்த வேண்டியது' என ஒரு சிறு தொகையும் காணப்படும். அதைக் கண்டு தைரியமடைந்து, அவர் மாதம் 1,000 ரூபாய் வீதம் கட்டி வருகிறார். பல பாங்கிகள் மாதம் நூற்றுக்கு 3½ வீதம் வட்டி விதிக்கின்றன. அவ்வட்டியின்மீது நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரியும் உண்டு. ஆகவே முதல் மாதத்தில் வட்டி 700 ரூபாய், வரி 126 ரூபாய். கட்டிய ஆயிரத்தில் அசலுக்குச் சேர்வது 174 ரூபாயே. இவ்விதம் கடன் தீர ஏறக்குறைய 44 மாதங்களாகும்; கட்டும் தொகை 43,000 ரூபாயைத் தாண்டும். அதற்குள் மேலும் மூன்று தீபாவளிகள் வந்து போயிருக்கும்! பாக்கி நிற்கும் வரையில் புதிதாக வாங்கும் பண்டங்களுக்கும் சலுகைக் கெடு கிடையாது. வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும்.

'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தையும் நேயர்கள் எளிதில் நம்பிவிடலாகாது. பூஜ்ய வட்டி என்பதே கிடையாதென்றும், வட்டியே கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்படுகிறதென்றும் 2013 செப்டம்பரில் ரிஸர்வ் பாங்கியே பாங்கிகளுக்கு எடுத்துரைத்தது. ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பதும் ஒருவகை வட்டியேயாகும்.

வருஷத்துக்கு நூற்றுக்கு 30-க்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வர்த்தக முறை என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டது. அந்த அரணும் நீங்கிய பிறகு, கடன்பட்டவருக்கு உண்மையைத் தெளிவாக அறிவிப்பதாவது அவசியமன்றோ?

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் பல மாதங்கள், வருஷங்கள் நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் அச்சிட வேண்டுமென ரிஸர்வ் பாங்கி விதித்திருக்கிறது. இது போதாது. அமெரிக்காவில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி, குறைந்தபட்சமே கட்டினால் கடன் தீர எவ்வளவு காலமாகும், மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதை அவரவர் பில்லிலேயே காட்ட வேண்டும். அவ்விதமே இங்கும் ஒவ்வொருவரது கடனுக்கும் கணக்கிட்டு, அவரவர் தாய்மொழியில், பெரிய எழுத்தில் அச்சிடும்படி உத்தரவிட வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். பொது ஊழியர்கள் இக்கோரிக்கையைத் தங்கள் சங்கங்களில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புவார்களாக. அதுவரையில், பரிசு வாங்கப் புறப்படும் குடும்பத் தலைவர்கள் மேற்கண்ட கணக்கை வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்வது நலம்.