எந்த உலாவியைத் திறப்பது?

ஜொகூர் மாநிலத்திலுள்ள ‘நாடி’ இணைய மையங்களுக்கு நம் தோட்டத்துப் பிள்ளைகள் செல்வதுண்டு. காலையில் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் பெற்றோரும் உடன் செல்வர். எஸ்.பி.எம். முடித்த மகளுக்கு உயர்கல்வி விண்ணப்பம். தகப்பனாருக்குச் சேமநிதிக் கணக்கு. கணினித் திரையிலோ குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் எனப் பல சின்னங்கள் தோன்றக்கூடும். தவறானதைத் தொட்டால் விண்ணப்பம் கெட்டுவிடுமோ என ஐயம் எழுவது இயல்பே.

இவை உலாவிகள் எனப்படும். இணையப் பக்கம் வேறெங்கோ ஒரு கணினியில் இருக்கின்றது. அதனை வரவழைத்து எழுத்தாகவும் படமாகவும் விரித்துக் காட்டுவதே உலாவியின் பணி. எந்த உலாவியில் திறந்தாலும் சேமநிதியிலுள்ள தொகை மாறாது. இவற்றுக்கு விலையும் இல்லை. ஒரே கணினியில் பல உலாவிகள் இருப்பதால் இடையூறும் இல்லை.

முன்னாளில் நிலைமை வேறு. 1995இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதற்கு முந்திய நெட்ஸ்கேப்பும் போட்டியிட்ட காலத்தில், ஒன்றுக்கென அமைத்த பக்கம் மற்றொன்றில் சிதைந்து தெரிவதுண்டு. தமிழுக்கோ இரட்டைத் துன்பம். பக்கத்தை அமைத்தவரின் எழுத்துரு நம் கணினியில் இல்லையெனில் பொருளற்ற குறிகளே தெரியும். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு போன்ற மென்பொருள்களே அன்று கைகொடுத்தன. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறை பரவிய பின்னரே அத்தொல்லை பெரிதும் நீங்கியது.

எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15ஆம் நாள் ஓய்வு பெற்றது. அதன் இடத்திற்கு வந்த எட்ஜ், 2020 முதல் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தைக் கொண்டே இயங்குகின்றது. ஆகவே அவ்விரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். பயர்பாக்ஸ் வேறு குடும்பம். ஒரு பக்கம் குரோமில் சரிவரத் திறக்கவில்லையெனில், எட்ஜைவிடப் பயர்பாக்ஸில் முயன்று பார்ப்பதே பயன் தரும்.

பெயரைவிட வயதே முக்கியம் என்பது நம் கருத்து. கூர் மழுங்கிய கத்தி பட்டையைப் புண்படுத்துவதை அறியாதவரா நாம்? புதுப்பிக்கப்படாத உலாவியில் திருடர் நுழையும் வழிகள் அடைபடாமலே கிடக்கும். வீட்டில் விண்டோஸ் 7 கொண்ட பழைய கணினி வைத்திருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும். அக்கணினிகளுக்குப் புதிய குரோம் பதிப்புகள் வருவது 2023 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பயர்பாக்ஸின் 115ஆம் பதிப்புக்கு மட்டும் அதன் பின்னரும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன.

பொதுக் கணினியிலோ கவலை வேறு. கடவுச்சொல்லை இட்டவுடன், “நினைவில் வைத்துக்கொள்ளவா?” என உலாவி கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். மறந்து இசைந்துவிட்டால், அடுத்து அமர்பவர் நம் கணக்கினுள் நுழைந்துவிடலாம். இதற்கெனத் தனிச்சாளரம் உண்டு. குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய விசைகளையும், பயர்பாக்ஸில் கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகியவற்றையும் ஒருசேர அழுத்தினால் அது திறக்கும். தனிச்சாளரங்கள் அனைத்தையும் மூடியதும், பார்த்த பக்கங்களின் பதிவு அவ்வுலாவியில் தங்குவதில்லை. ஆயினும் இறக்கி வைத்த கோப்பு கணினியிலேயே இருக்கும். அடையாள அட்டையின் படத்தையோ சம்பளச் சீட்டையோ இறக்கியிருந்தால், எழுமுன் அதனை அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட வேண்டும்.