மெயிலுக்கு பதில் போடாத கட்டுரையாளர்... ஆய்விதழ் என்ன செய்யும்?

இப்படி வைத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் குறுவை நெல் பற்றி ஆய்வு முடித்த மாணவி, வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். கல்லூரி கொடுத்த மெயில் ஐடி முடங்கிவிட்டது. ஆய்விதழின் கேள்விகளோ அந்த ஐடிக்குத்தான் வந்துகொண்டிருக்கின்றன.

வெளியாகும் முன் பதில் வராவிட்டால்?

சில நினைவூட்டல்கள் வரும். கெடு தாண்டினால், கட்டுரையை வாபஸ் வாங்கியதாகக் கருதி ஃபைலை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் முதலிலிருந்து அனுப்ப வேண்டியதுதான்.

இணைக் கட்டுரையாளர் மௌனமானால்?

'பெயரைத் தூக்கிட்டா போச்சு' என்பது செல்லாது. பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ எல்லோரின் சம்மதமும் வேண்டும். மௌனம் சம்மதம் ஆகாது.

வெளியான பின் சந்தேகம் எழுந்தால்?

1997-ல் பிரிட்டனில் தொடங்கிய, பதிப்பு நெறிமுறைகளுக்கான 'கோப்' அமைப்பின் வழிகாட்டுதலைப் பல இதழ்கள் பின்பற்றுகின்றன. முதலில் தொடர்புக்குப் பொறுப்பானவர், அடுத்து இணைக் கட்டுரையாளர்கள், பிறகு கல்வி நிறுவனம் என்று விசாரணை நகரும். பதில் வராதது மட்டுமே மோசடிக்கு ஆதாரமல்ல. ஆனால், தரவுகள் நம்பத்தகாதவை என்று தெளிவானால், எழுதியவர் சம்மதிக்காவிட்டாலும் கட்டுரை திரும்பப் பெறப்படும். 'கட்டுரையாளர் பதிலளிக்கவில்லை' என்ற வரியும் அறிவிப்பில் இடம்பெறலாம். தேடினால், அது அவர் பெயரோடு சேர்ந்தே வரும். விஷயமே தெரியாத அந்த மாணவிக்கு, விளக்கம் சொல்லும் வாய்ப்பு போயிருக்கும்.

என்ன செய்யலாம்?

* கல்லூரி ஐடியோடு சொந்த மெயில் ஐடியும் கொடுங்கள்.
* 2012 முதல் இருக்கும் 'ஆர்க்கிட்' எண்ணை இலவசமாக வாங்குங்கள். வேலை மாறினாலும் எண் மாறாது.
* வயல் குறிப்பேடு, தரவுகளின் நகலை வழிகாட்டியிடம் ஒப்படையுங்கள்.
* ஊர் மாறும் முன் ஆய்விதழுக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.