விகடகவியும் டி.என்.ஏவை வெட்டும் நொதியும்

எஸ்.டி.பி.எம். உயிரியல் எழுதும் மாணவர்களே, அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களே,

‘இந்த நொதி டி.என்.ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும்’ என்று எல்லாரும் எழுதிவிடுகிறோம். ‘ஏன் அந்த இடத்தில் மட்டும்?’ என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. பதில் நொதியின் அமைப்பில் இருக்கிறது. பண்டார் தெங்காராவில் நம் பிள்ளைகள் உயிரியலை வேறு மொழியில் படித்தாலும், இதைத் தமிழில் ஒருமுறை புரிந்துகொண்டால் மறக்காது.

ஈகோஆர்ஐ என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். இது இ.கோலை பாக்டீரியாவில் கிடைத்தது. உள்ளே நுழையும் வைரஸின் டி.என்.ஏவை வெட்டுவதே இதன் வேலை. இது தேடும் ‘சொல்’ ஆறு எழுத்து:

மேல் இழை: ஜி-ஏ-ஏ-டி-டி-சி
கீழ் இழை: சி-டி-டி-ஏ-ஏ-ஜி

‘விகடகவி’யை ஒரே வரியில் பின்னாலிருந்து படித்தாலும் விகடகவிதான். இங்கே அப்படி இல்லை, கவனியுங்க. மேல் இழையைப் பின்னாலிருந்து படித்தால் வேறு சொல் வரும். கீழ் இழையை வலமிருந்து படித்தால்தான் அதே சொல் வரும். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், டி.என்.ஏவில் இப்படித்தான் மாலைமாற்று அமைகிறது. ஆக, இந்தச் சொல்லுக்கு ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் உண்டு.

சரி, நொதி எப்படி இருக்கும்? அதுவும் ஒரே மாதிரியான இரண்டு புரதத் துணையலகுகள் சேர்ந்ததுதான்! டி.என்.ஏவைப் பிடித்தபடி இருக்கும் அதன் வடிவத்தை, 1986இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோசன்பெர்க் குழுவினர் எக்ஸ்ரே படிகமுறையில் வெளியிட்டார்கள். அந்த அமைப்பு மூன்று விஷயங்களை விளக்குகிறது.

1. துல்லியம்: நொதியின் அமினோ அமிலங்கள் டி.என்.ஏவின் பெரிய பள்ளத்தில் நுழைந்து, எழுத்துகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகின்றன. ஓர் எழுத்து மாறினாலும் பிடி தளர்ந்துவிடும்; வெட்டும் பகுதி சரியாக அமையாது. அதனால் வழக்கமான சூழலில் மற்ற இடங்களை அது வெட்டுவதில்லை.

2. ஒட்டும் முனைகள்: ஒவ்வொரு துணையலகும் ஓர் இழையை, ஜிக்கும் ஏவுக்கும் நடுவில் வெட்டுகிறது. இரண்டு வெட்டும் நேர் எதிரே விழாததால், ஏஏடிடி என்ற நான்கெழுத்து ஒற்றை இழை நீட்டிக்கொண்டு நிற்கும். அதே நொதி வெட்டிய வேறொரு டி.என்.ஏ இதில் வந்து பொருந்தும். மரபணுவை ஒட்டவைக்க உதவுவது இதுதான்.

3. மெக்னீசியம்: வெட்டும் பகுதியில் மெக்னீசியம் அயனி தேவை. அது இல்லாவிட்டால் நொதி டி.என்.ஏவைப் பிடிக்கும், ஆனால் வெட்டாது.

அப்படியானால் பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ எப்படித் தப்பிக்கிறது? அந்தச் சொல்லில் உள்ள இரண்டாவது ஏ மீது அது ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவைக்கிறது. பிடிக்க வேண்டிய இடம் மறைந்துவிடுவதால் நொதியால் வெட்ட முடியாது.

தேர்வில் முதலில் அமைப்பை எழுதுங்கள். பிறகு ‘அதனால்’ போட்டுச் செயலை எழுதுங்கள். காட்டு: ‘நொதி ஒரே மாதிரியான இரண்டு துணையலகுகளால் ஆனது, அதனால் இரு இழைகளும் வெட்டப்படுகின்றன.’

பயிற்சி: ஜிஜிஏடிசிசி, ஜிஏஏடிடிஜி. இவற்றில் எது டி.என்.ஏ மாலைமாற்று? கீழ் இழையையும் எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள்.