'இஃப்' இருக்க பயமேன்?

"இஃப் ஐ வில் கெட் திஸ் ஜாப்..." போன மாசம் ஒரு மாக் இன்டர்வியூவில் நான் திருவாய் மலர்ந்தது இது. எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதோடு சரி!

ரூமுக்கு வந்து கிராமர் புத்தகத்தைத் திறந்தால் ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்று நாலு கண்டிஷனல். எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் பேப்பரே தேவலாம் போலிருந்தது. மூடிவிட்டு திருவேட்டக்குடி கடற்கரைக்கு நடந்தேன். (காரைக்கால் பக்கம், என்.ஐ.டி. புதுச்சேரி இருக்கிற அதே ஊர்தான்.) வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்த பெரியவரிடம், "நாளைக்குக் கடலுக்குப் போறீங்களா ஐயா?" என்றேன்.

"காத்து அடங்கினா போவோம் தம்பி."

மண்டையில் பல்பு எரிந்தது! 'அடங்கினால்' என்பதைப் பிரிச்சுப் பாருங்க. 'அடங்கினான்', 'அடங்கினாள்' என்பதில் வருகிற அதே 'அடங்கின்', கூட ஒரு 'ஆல்'. பேச்சு நாளையைப் பத்தி, வினை மட்டும் நேத்து போட்ட சட்டையில்! எதிர்காலம் 'போவோம்'ல மட்டும்தான். இங்கிலீஷிலும் அதே கதை. 'இஃப் த விண்ட் டிராப்ஸ், வீ வில் கோ.' 'வில்' பின்பாதிக்குத்தான் சொந்தம். ஓம் விதி மாதிரி எப்பவுமே நடக்கிற விஷயம்னா அதுவும் வேண்டாம். 'இஃப் வோல்டேஜ் ரைஸஸ், கரண்ட் ரைஸஸ்.' ஜீரோ ஓவர்.

அப்ப சிக்கல் எங்கே? "பணம் இருந்தா போட் வாங்குவேன்." சொல்றவர் கைக்குக் காசு வரப்போகுதா, சும்மா ஆசைப்படுறாரா? தமிழ்ல குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். இங்கிலீஷ்ல வாக்கியமே காட்டிக் கொடுத்துடும். வாய்ப்பு இருக்குன்னா 'இஃப் ஐ ஹேவ் த மனி, ஐ வில் பை எ போட்'. கனவுன்னா 'இஃப் ஐ ஹேட்... ஐ வுட் பை'. இந்த 'ஹேட்' போன வருஷத்துக் காசு இல்லை, இல்லாத காசு! இன்டர்வியூவில் உஷார் பாஸ். 'இஃப் யூ செலக்ட் மீ, ஐ வில்'னா நம்பிக்கை. 'செலக்டட், வுட்'னா, "நீங்க எங்கே எடுக்கப் போறீங்க"ன்னு நாமளே சொல்ற மாதிரி.

தேர்டு கண்டிஷனலை இந்தக் கரைக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டாம். 2004 டிசம்பர் 26. சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி அதிர்ந்தது நம்ம நேரப்படி காலை 6.29க்கு. அலை இங்கே வர ரெண்டு மணி நேரத்துக்கும் மேல ஆச்சு. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போ சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஐதராபாத்தில் நம்ம மையம் வந்தது 2007ல்தான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஓடியிருப்போம்."

'இஃப் தே ஹேட் டோல்டு அஸ், வீ வுட் ஹேவ் ரன்.' 'இருந்தா'வுக்கு 'ஹேட்', 'இருப்போம்'க்கு 'வுட் ஹேவ்'. கச்சிதமாப் பொருந்துது. ஆனா பெரியவர் அதைச் சொன்னப்போ எனக்கு கிராமர் ஞாபகமே வரலை. அவர் வலையை விட்டு நிமிராமலே சொன்னார்.