சீனி மட்டுமா இனிப்பு?

"எனக்கு இனிப்புநீர், தேத்தண்ணியிலே சீனியை நிறுத்திட்டேன்" என்கிறார் பால்மரம் வெட்டும் அண்ணன். பகல் தட்டிலோ சோறு மலை போல!

தோட்டத்துச் சகோதரர்களே, வயிற்றுக்குள் போனால் சோறும் சீனிதான். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100க்கு 31 பேருக்கு இந்நோய் இருந்தது.

சோற்றைப் பாதியாக்குங்கள். அந்த இடத்தில் கங்கோங் கீரை, பயற்றங்காய், மீன், முட்டை சேருங்கள். டின் பாலை விடுங்கள்.

ஆனால் ஒன்று: மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றைக் குறைத்தால், சீனி சட்டென இறங்கி, கை நடுங்கி, வேர்த்து, மரத்தடியிலேயே மயங்கி விழலாம். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

சோறு குறைந்தால் மானம் போகாது. கால் போனால் பிழைப்பே போய்விடும்!